குழந்தையின் மென்தோலும் அணையாடையும்

கைக்குழந்தை ஒன்று இரவிரவாக அழுதால் அந்த வீட்டில் ஒருவருக்கும் உறக்கமில்லை. பால் கொடுத்தாயிற்று, வயிற்றைத் தடவிப் பார்த்தாயிற்று, ஏணையிலிட்டு ஆட்டியும் ஆயிற்று. ஈற்றில் விளக்கைப் போட்டு அணையாடையை அவிழ்க்கும்போதுதான் காரணம் புலப்படுகின்றது. தொடையும் பிட்டமும் செக்கச் சிவந்து கிடக்கின்றன. விரல் பட்டாலே குழந்தை துடிக்கின்றது. இத்தகைய இரவு ஒன்றையேனும் காணாத தாய்மார் மிகச் சிலரே.

எளிதிற் சிவந்து புண்ணாகும் தோலையுடைய குழந்தைகளுக்கு எத்தகைய அணையாடையைத் தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். நான் மருத்துவம் கற்றவள் அல்லேன், கலைப் பட்டதாரி, அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபர். எனினும் இப்பொருளைத் தேடிப் படிக்கவேண்டிய நிலையை என் பேரன் எனக்கு உண்டாக்கினான். அந்தக் கதையைச் சற்றுப் பின்னர் கூறுகின்றேன்.

எங்கள் தாய்மார் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. பலகாலம் துவைத்து மென்மையான பழைய சேலையையும் வேட்டியையும் கிழித்து மடித்துக் கட்டினார்கள், நனைந்தவுடன் மாற்றினார்கள். இப்போதோ கடையில் 'பம்பஸ்' என்று பொதுப்பெயர் போலவே கேட்டு வாங்குகின்றோம். உண்மையில் அஃது அமெரிக்க நிறுவனமொன்று 1961 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒரு வகையின் பெயர். அதற்கு முன்னரே, 1946 ஆம் ஆண்டில், மரியன் டொனோவன் என்னும் அமெரிக்கத் தாய் குளியலறைத் திரைச் சீலையை வெட்டி, நப்பித் துணிக்கு மேலே அணிவிக்கும் நீர்புகா உறையொன்றைத் தைத்தார். படுக்கை நனையாதிருக்க வேண்டும் என்பதே அன்றைய கவலை. குழந்தையின் தோலும் நனையாதிருக்க வேண்டும் என்ற எண்ணம் முழு உருப்பெற்றது, நீரை உறிஞ்சிக் கூழாக்கி வைத்திருக்கும் பொருளை 1980 களில் அணையாடைக்குள் இட்டபோதுதான்.

இனி, தோல் ஏன் சிவக்கின்றது என்பதைப் பார்ப்போம். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மையுடையது. அந்த மெல்லிய அமிலப் போர்வையே கிருமிகளையும் உறுத்தும் பொருள்களையும் தடுத்து நிற்கும் வேலி. பிறந்த குழந்தைக்கு அந்த வேலி முற்றாக அமைந்திருப்பதில்லை. வாரக்கணக்கில் மெல்ல மெல்லவே அமைகின்றது. இந்நிலையில் ஈரம் நெடுநேரம் தங்கினால், நீரில் ஊறிய விரல் நுனியைப் போலத் தோல் ஊறித் தளர்கின்றது. தளர்ந்த தோல் துணியுடன் உராய்ந்து எளிதிற் காயப்படுகின்றது.

அத்துடன் தீங்கு நின்றுவிடுவதில்லை. சிறுநீரோடு மலமும் கலக்கும்போது, மலத்திலுள்ள பற்றீரியாக்கள் சிறுநீரின் யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்குகின்றன. இதனால் தோலின் அமிலத் தன்மை குன்றுகின்றது. உணவைச் செரிக்கச் செய்து மலத்தோடு வெளியேறும் நொதியங்கள், அமிலம் குன்றிய அவ்விடத்தில் வீரியம் பெற்றுத் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. அமோனியாவே நேரடியாகத் தோலைச் சுடுகின்றது என்று 1921 ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1977 ஆம் ஆண்டில், சிவந்த தோலுடைய குழந்தைகளையும் நல்ல தோலுடைய குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த நம்பிக்கை ஆட்டங் கண்டது. ஈரம், உராய்வு, மலம் ஆகிய மூன்றும் கூடிச் செய்யும் வேலை இது என்பதே இன்றைய தெளிவு. வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு ஒரே நாளில் தோல் சிவப்பதன் காரணமும் இதுவே.

ஆகவே அணையாடையைத் தெரியுமுன், சிவப்பு எந்த இடத்தில் இருக்கின்றது என்று உற்றுப் பார்த்தல் வேண்டும். இடத்தைக் கொண்டே பெரும்பாலும் காரணத்தை ஊகிக்கலாம்.

பிட்டம், தொடையின் உட்புறம், அடிவயிறு எனத் துணி நன்கு படும் மேடான இடங்கள் சிவந்து, மடிப்புகளின் உட்பகுதி தெளிவாக இருக்குமாயின், அது பெரும்பாலும் ஈரத்தாலும் உராய்வாலும் வந்த சாதாரண அழற்சி. விரைவில் மாற்றுவதும் நன்கு உறிஞ்சும் அணையாடையும் அதற்குப் போதுமானவை.

இடுப்புப் பட்டியும் தொடைப் பட்டியும் படும் இடத்தில் மட்டும் கோடு போலவோ திட்டுப் போலவோ சிவந்தால், இறுக்கமோ, இறப்பர்ப் பட்டியிலுள்ள இரசாயனப் பொருளோ, ஒட்டும் பசையோ காரணமாகலாம். இடுப்பின் இரு பக்கத்திலும் துப்பாக்கி உறை தொங்குவது போலத் தோன்றும் இவ்வழற்சிக்கு, படக்கதையில் வரும் 'லக்கி லூக்' என்னும் குதிரை வீரனின் பெயரையே மருத்துவர்கள் 1998 ஆம் ஆண்டில் சூட்டினர். அணையாடையிற் படம் அச்சிடும் நீலம், பச்சை, இளஞ்சிவப்புச் சாயங்கள் சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை உண்டாக்கியதாக 2005 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளிவந்தது.

ஈரத் துடைப்பான் பட்ட இடமெல்லாம், சில வேளை வாயைச் சுற்றியும் கையிலும் கூட, தடித்துச் சிவந்தால் அணையாடை குற்றமற்றதாக இருக்கலாம். துடைப்பானில் இடப்பட்ட வாசனையையோ பாதுகாப்பு இரசாயனத்தையோ அப்போது ஐயுற வேண்டும்.

நான்காவது வகை ஒன்றுண்டு. அதுதான் எனக்குப் பாடம் கற்பித்தது.

என் மகளுடைய பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம். காய்ச்சலுக்காகக் கிருமிகொல்லி மருந்து கொடுத்தபின் வயிற்றோட்டம் கண்டது; தோலும் சிவந்தது. "இந்தப் பம்பஸைக் கட்டிக் கட்டித்தான் பிள்ளையின் தோல் கெட்டது" என்று மகளைக் கடிந்து கொண்டேன். வேலைக்குப் போய்வரும் அவள் மறுமொழி கூறவில்லை. நான் பழைய துணியை மடித்துக் கட்டினேன். படுக்கை நனைகின்றதென்று அதன்மேல் பிளாஸ்ரிக் உறையையும் அணிவித்தேன். ஈரத்தை உலர்த்த வேண்டுமென்று பவுடரையும் தூவினேன். மூன்று நாளில் நிலைமை முற்றிலும் மோசமாகியது.

அயலிலுள்ள மருத்துவமாது வந்து பிள்ளையைப் பார்த்தார். தொடை மடிப்பின் ஆழத்திலே கடுஞ்சிவப்பு; அதன் ஓரத்தைச் சுற்றித் தனித்தனியாகச் சிறு சிவப்புப் புள்ளிகள். "இது பங்கசு, அம்மா. பம்பஸும் இதைக் கொண்டுவரவில்லை, துணியும் இதை மாற்றாது" என்றார். மருந்து நல்ல கிருமிகளையும் அழித்துவிட, கன்டிடா என்னும் பங்கசு ஈரத்தில் தழைத்திருக்கின்றது. நான் போட்ட பிளாஸ்ரிக் உறை அதற்கு வெப்பமும் ஈரமும் ஊட்டியிருக்கின்றது. மருத்துவர் கொடுத்த களிம்பு சில நாளிற் குணந்தந்தது. மகளிடம் நான் சொன்ன சொல்லை மீளப் பெறுவதற்குத்தான் அதிக நாள் சென்றது. வகுப்பறையில் 'காரணத்தை ஆராயாமல் தீர்ப்புக் கூறாதே' என்று போதிக்கும் நான், வீட்டில் அதையே செய்திருந்தேன்.

நேயர்களே, துணியா, கடை அணையாடையா என்னும் வழக்குப் பல வீடுகளில் மாமிக்கும் மருமகளுக்கும், தாய்க்கும் மகளுக்கும் இடையே நடக்கின்றது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2006 ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடொன்று, எறியும் அணையாடையே இவ்வழற்சியைத் தடுக்கும் என்று துணியவோ மறுக்கவோ போதிய நற்சான்று இல்லை என்று கூறியது. ஆதலின் இரண்டையும் நன்மை தீமை பார்த்தே கொள்ள வேண்டும்.

கடையில் வாங்குவதாயின் ஐந்து விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, உறிஞ்சும் திறன். மரக்கூழோடு, சோடியம் பொலிஅக்ரிலேற்று எனப்படும் உறிஞ்சுமணிகளும் உள்ளே இருத்தல் வேண்டும். வீட்டிலேயே சோதிக்கலாம். ஓர் அணையாடையில் அரைக் கோப்பை நீரை ஊற்றிச் சில நிமிடம் பொறுத்து, உலர்ந்த கைக்குட்டையை மேலே அழுத்துங்கள். கைக்குட்டை நனைந்தால் குழந்தையின் தோலும் நனையும்.

இரண்டாவது, காற்றோட்டம். வெளித்தாள் வெறும் பொலித்தீனாக இருந்தால் உள்ளே புழுக்கமே மிஞ்சும். நீரைத் தடுத்து ஆவியை வெளியே விடும் நுண்துளைத் தாளே எங்கள் வெப்ப நாட்டுக்கு உகந்தது. இளஞ்சூடான நீரூற்றிய அணையாடையின் வெளிப்புறத்திற் குளிர்ந்த கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால், ஆவி வெளியேறும் தாளாயின் குவளையின் உட்புறம் மங்கும்.

மூன்றாவது, அளவு. பொதியில் அச்சிட்ட நிறையைக் குழந்தையின் நிறையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். இடுப்பில் இரு விரல் நுழைய வேண்டும். தொடையில் தழும்பு பதியலாகாது. 'வளரும் பிள்ளைதானே' என்று பெரிதாக வாங்கினால் ஒழுகும்; மலிவென்று சிறிதாக வாங்கினால் உராயும்.

நான்காவது, வாசனையும் சாயமும். மென்தோற் குழந்தைக்கு வாசனை சேர்க்காத, இயன்றவரை வெண்மையான அணையாடையே ஏற்றது. நறுமணம் நமது மூக்கிற்கு. குழந்தைக்கு அதனாற் பயனில்லை.

ஐந்தாவது, புதிய வகையைச் சிறு பொதியாக வாங்கி இரண்டு மூன்று நாள் பாருங்கள். அதே நாளில் சவர்க்காரத்தையும் களிம்பையும் மாற்றிவிட்டால், தோல் சிவக்கும்போது எதைக் குறை கூறுவது? ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுங்கள்.

துணியைப் பயன்படுத்துவோர் மென்மையான பருத்தித் துணியை எடுங்கள். சவர்க்காரம் சிறிதும் எஞ்சாதபடி பலமுறை அலசி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். அது துணியின் உறிஞ்சும் இயல்பைக் குறைக்கும். துணிக்கு மேல் பிளாஸ்ரிக் உறை வேண்டவே வேண்டாம். நனைந்ததை உடனே மாற்றுதல் வேண்டும். துணிக்கு அந்தக் கடமை இரட்டிப்பு.

எதைத் தெரிந்தாலும் மாற்றும் நேரமே பெரிது. பச்சிளங் குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறையும், வளர்ந்த பிள்ளைக்கு மூன்று நான்கு மணிக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். மலம் கழித்தால் ஒரு நிமிடமும் தாமதியாதீர்கள். விலையுயர்ந்த ஒன்றை நாள் முழுவதும் கட்டிவைப்பதிலும், விலை குறைந்ததை அடிக்கடி மாற்றுவது மேல். ஒரு பொதியின் விலையைக் கணக்கிடும்போது, ஒருநாளைக்கு எத்தனை வேண்டும் என்பதையும் கணக்கிட்டே வாங்குங்கள். கட்டுப்படியாகாத வீட்டில் பகலில் துணியும் இரவில் அணையாடையும் என வகுத்துக் கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.

மாற்றும்போது வெறும் இளஞ்சூட்டு நீரும் பஞ்சும் போதும். தேய்க்காமல் ஒற்றி எடுத்து, சற்று நேரம் காற்றாட விடுங்கள். பின்னர் பெற்றோலியம் ஜெலியையோ சிங்க் ஒக்சைட் களிம்பையோ தடித்துப் பூசுங்கள். அடுத்த தடவை மலத்தை மட்டும் நீக்கினாற் போதும், களிம்பு முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. பவுடரைக் கைவிடுங்கள்; அதன் துகள் குழந்தையின் சுவாசப் பையிற் புகும். போரிக் அமிலம் கலந்த பவுடரைப் புண்ணில் தூவியதால் குழந்தைகள் நஞ்சுண்டவர்போல் மாண்ட செய்தி 1950 களின் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. வீட்டில் மீந்திருக்கும் ஸ்ரீரொயிட் கலந்த களிம்பையும் உங்கள் எண்ணப்படி பூசாதீர்கள். அணையாடையின் மூட்டத்துக்குள் அது தோலூடே மிகுதியாக உடலிற் சேரும்.

இவ்வளவும் செய்தும் இரண்டு மூன்று நாளிற் குறையாவிடின், அல்லது மடிப்பிற் சிவப்பு, கொப்புளம், சீழ், இரத்தம், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படின், வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். பிட்டத்தோடு வாயைச் சுற்றியும் கை கால்களிலும் புண் தோன்றி ஆறாதிருந்தால் நாகச்சத்துக் குறைவும் காரணமாகலாம். அதையும் வைத்தியரே ஆராய்ந்து சொல்ல வேண்டும்.

குழந்தை தன் நோவைச் சொல்ல அறியாது, அழவே அறியும். அந்த அழுகையைக் கேட்டு நாம் ஒருவரையொருவர் குற்றஞ் சாட்டுவதில் இரவு கழிந்துவிடலாகாது. விளக்கைப் போடுங்கள், அவிழ்த்துப் பாருங்கள், சிவப்பு எங்கே என்று பாருங்கள். என் பேரன் இப்போது தெருவில் ஓடி விளையாடுகின்றான். அவன் தாய்க்குச் சில நாளில் இளைய பிள்ளையொன்று பிறக்க இருக்கின்றது. இம்முறை கடைக்குப் போகுமுன், எதை வாங்கலாம் என்று அவளிடமே கேட்டிருக்கின்றேன்.