உங்களுக்குத் தெரியுமா? லொறி வரும் முன்னே கேட்கலாம்

புத்தளம் கரைக்குத் திட்டங்கள் வந்து சேரும் முறை நமக்குப் பழகிப்போன ஒன்று. முதலில் ஜீப் வரும், பிறகு அளவு நாடாவோடு நாலு பேர் வருவார்கள், பிறகு முள்கம்பி, அப்புறம் லொறி. என்ன நடக்கிறது என்ற செய்தி கடைசியாகத்தான் வரும். இந்த வரிசையை மாற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

◆ 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே, 2015இல் வந்த 19ஆவது திருத்தம் இதை அடிப்படை உரிமையாக அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டது. ஆகவே கந்தோரில் போய்க் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை.

◆ எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர். எழுத வராதவர் வாயால் சொல்லலாம், தகவல் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணமும் கிடையாது. இந்தியாவில் மத்திய அரசிடம் கேட்க 10 ரூபா கட்ட வேண்டும்.

◆ தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட விஷயமென்றால் 48 மணித்தியாலம்.

◆ என் சொந்த அனுபவம் ஒன்று. எங்கள் பக்கத்து வீதிக்குத் தார் போட்டு ஒரு மழைக்குள் கரைந்துபோயிற்று. "வீதி ஏன் இப்படி இருக்கிறது?" என்று ஒரு கந்தோருக்கு எழுதிக் கேட்டேன் (எந்தக் கந்தோர் என்பது இங்கே வேண்டாம்). "ஒதுக்கப்பட்ட நிதிக்கு அமைய வேலை செய்யப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பிழை என்னுடையது. 'ஏன்' என்று கேட்டால் அவர்கள் விளக்கம் எழுதுவார்கள். விளக்கம் எழுதுவதில் நம் உத்தியோகத்தர்களை யாரும் வெல்ல முடியாது. இரண்டாம் முறை மதிப்பீட்டு அறிக்கை, ஒப்பந்தம், கொடுப்பனவு வவுச்சர் ஆகியவற்றின் பிரதிகளை மட்டும் கேட்டேன். பதினொரு பக்கம் கிடைத்தது. முதல் நாலு பக்கம் இலவசம், மீதி ஏழுக்கும் பக்கத்துக்கு 2 ரூபா வீதம் 14 ரூபா. வீதியின் நீளம் காகிதத்தில் ஒன்றாகவும் தரையில் வேறாகவும் இருந்ததை ஊர்ப் பிள்ளைகளே அளந்து பார்த்துவிட்டார்கள்.

◆ இந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவை நம் கரையில் உள்ளவர்கள் மனப்பாடம் செய்யலாம். ஒரு திட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே அதுபற்றிய தகவலைப் பொதுமக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும், பொறுப்பான அமைச்சர் தெரிவிக்க வேண்டும். அவசரத் திட்டமென்றால் ஒரு வாரம் முன்னர். உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் 1 இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட எல்லாத் திட்டங்களுக்கும் இது பொருந்தும். 5 இலட்சம் என்றால் இன்றைய விலையில் ஒரு சின்ன மதகு கூட இதற்குள் வந்துவிடும்.

◆ அறுவைக்காட்டுக் குப்பைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். கொழும்புக் குப்பையைச் சுமார் 170 கிலோமீற்றர் தாண்டி, வில்பத்துவுக்குப் பக்கத்தில், சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளத்தில் கொட்டும் யோசனை அதற்கும் முன்பே காகிதத்தில் இருந்தது. மீதொட்டமுல்லை அதற்கு அவசரத்தைக் கொடுத்தது. புத்தளத்தில் 2018இன் பிற்பகுதியில் தொடங்கிய எதிர்ப்பு நூறு நாளையும் தாண்டிற்று. 2019 ஓகஸ்டில் குப்பை வரத் தொடங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அங்கே ஒரு வெடிப்பும் நடந்தது.

இவ்வளவு பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று வேண்டும். 1988இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடல் சட்டப்படி, அந்த அறிக்கை வந்திருப்பதை வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரிகை அறிவித்தலின் எழுத்து எவ்வளவு பொடி என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். சாலையில் நூறு நாள் உட்கார்ந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த 30 நாளுக்குள் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கத்துக்கு, பின்னால் பிடிக்கும் பத்துப் பதாகையின் கனம் உண்டு என்பதே என் எண்ணம்.

◆ நுரைச்சோலை அனல் மின்நிலையம் 900 மெகாவாற்று. முதல் அலகு 2011இல், மற்ற இரண்டும் 2014இல். முதற் கட்டத்துக்குச் சீன எக்ஸிம் வங்கி கொடுத்த கடன் 45 கோடி 50 இலட்சம் டொலர். சாம்பலும் தூசும் பற்றிக் கேட்க வேண்டுமானால் கொழும்புக்கு மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். தனக்கென்று சொந்தச் சுற்றாடல் நியதிச்சட்டமும் (1990) அதிகாரசபையும் உள்ள மாகாணம் நம் வடமேல் மாகாணம். மின்நிலையத்துக்குச் சுற்றாடல் அனுமதிப்பத்திரம் கொடுப்பது அந்த அதிகாரசபைதான். அந்தப் பத்திரத்தின் நிபந்தனைகளைக் கேட்டு வாங்கலாம்.

◆ கற்பிட்டியில் 14 தீவுகளை உல்லாசப் பயணத்துக்கு ஒதுக்கும் திட்டம் வந்தபோது, எந்தக் காணி யாருக்கு எத்தனை வருடக் குத்தகை என்று கேட்க இந்தச் சட்டம் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. கரைவலைப் பாட்டின் அனுமதி யார் பெயரில் இருக்கிறது, இறால் பண்ணைக்கு அரச காணி என்ன நிபந்தனையில் கொடுபட்டது என்பவையும் கேட்கக்கூடியவையே.

◆ வடக்குக் கிழக்குக்கு வெளியே இருக்கிறோம், சிங்களத்தில்தான் பதில் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரைப்படி இங்கேயும் உத்தியோகத்தரோடு தமிழில் கடிதத் தொடர்பு வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. உடப்பிலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் தமிழிலேயே எழுதுங்கள்.

◆ தமிழ்நாடு 1997இலேயே தகவல் உரிமைச் சட்டம் போட்டது, இந்தியாவில் முதல் மாநிலமாக. விதிவிலக்குகள் மலிந்த சட்டம் என்பது வேறு கதை. திறந்த அரசாங்கப் பங்காண்மை என்ற உலக அமைப்பில் 2015இல் சேர்ந்த இலங்கை, தெற்காசியாவில் முதல் உறுப்பு நாடு. அங்கே கையெழுத்துப் போட்ட பேனாவின் மை முந்தல் கந்தோர் வரை வந்து சேர்ந்ததா என்பதை முந்தல்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

◆ தர மறுத்தால்? 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. தேசிய பாதுகாப்பு, பிறர் அந்தரங்கம், வர்த்தக இரகசியம் என்று மறுக்கச் சில காரணங்கள் உண்டு. பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் அவையும் நிற்காது. கேட்ட ஆவணத்தை வேண்டுமென்றே அழித்தால் 50,000 ரூபா வரை தண்டம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

◆ கடைசியாக ஒன்று. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தருவது தகவல் உத்தியோகத்தரின் கடமை. "வச்சிட்டுப் போங்க, பாக்கலாம்" என்பார்கள். திகதியிட்ட அத்தாட்சி கைக்கு வராமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். முடிவு சொல்வதற்கான 14 வேலை நாளை எண்ணத் தொடங்குவது அந்தத் திகதியிலிருந்துதான்.