ஓடிக்கொண்டே இருக்கும் சவ்வு

நார்த்தாமலையில் விஜயாலய சோழீஸ்வரம் பார்க்க மேலமலை ஏறுகிறவர்கள் பாறைச் சுனைகளில் மிதக்கும் பச்சைப் பாசியை நின்று பார்ப்பதில்லை. சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாத அந்தப் பாறை, மார்கழி விடியலில் சில்லிட்டுக் கிடக்கும். பாசி எங்கே போய் ஒதுங்கும்? அதன் செல்லைப் போர்த்தியிருக்கும் சவ்வுதான் வெயிலுக்கும் குளிருக்கும் தன்னைச் சரிக்கட்டிக்கொள்கிறது.

செல் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். 2 லட்சம் சவ்வுகளை அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் வரும். நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் கொண்ட கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக, வாலோடு வால் சேர்ந்து நிற்கின்றன. ஒன்றோடொன்று பிணைக்கப்படாததால் பக்கத்து மூலக்கூறோடு ஓயாமல் இடம் மாறுகின்றன. ஒரு பாக்டீரியாவின் நீளத்தைக் கடக்க ஒரு கொழுப்பு மூலக்கூறுக்கு ஏறக்குறைய ஒரு நொடி போதும். மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்குத் தானாகப் புரள்வதற்கோ பல மணி நேரம், சில சமயம் நாட்கள்கூட ஆகும். ஏனென்றால் நீரை விரும்பும் தலை, நடுவில் வால்கள் நிறைந்த எண்ணெய்ப் பகுதிக்குள் நுழைய மறுக்கிறது. இப்படிப் புரட்டுவதற்கென்றே ஆற்றலைச் செலவிடும் புரதங்களைச் செல் வைத்திருக்கிறது.

சவ்வு ஓடிக்கொண்டே இருக்கிறது என்று நம்பவைத்த சோதனை அழகானது. 1970-இல் ஃபிரை, எடிடின் என்ற ஆய்வாளர்கள் மனிதச் செல்லையும் எலிச் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் வெவ்வேறு நிற ஒளிர்சாயம் ஏற்றினார்கள். 37 டிகிரி செல்சியஸில் 40 நிமிடத்தில் நிறங்கள் கலந்துவிட்டன. 15 டிகிரிக்குக் கீழே கலக்கவே இல்லை.

குளிரில் சவ்வு ஏன் இறுகுகிறது என்பதை வீட்டு எண்ணெயிலேயே பார்க்கலாம்: குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. நல்லெண்ணெயில் நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் அதிகம்; அவற்றின் வளைந்த வால்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது. குளிர் வந்தால் செல் இத்தகைய வால்களைக் கூட்டிக்கொள்கிறது, வெப்பத்தில் குறைத்துக்கொள்கிறது. 1974-இல் ஈ.கோலை பாக்டீரியாவில் சினென்ஸ்கி என்ற ஆய்வாளர் இதைக் காட்டினார். நீலப்பச்சைப் பாசிகளும் இப்படியே சமாளிக்கின்றன.

எல்லாம் இஷ்டத்துக்கு மிதந்தால், சேர்ந்து வேலை செய்ய வேண்டிய மூலக்கூறுகள் எப்படிச் சந்திக்கும்? இந்தக் கேள்விக்கு பெங்களூரிலிருந்து முக்கியமான பதில் கிடைத்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சத்யஜித் மேயரும் வர்மாவும் 1998-இல், கொழுப்பு நங்கூரத்தால் சவ்வில் பிணைந்திருக்கும் சில புரதங்கள் மிகச் சிறு கொத்துகளாகத் திரள்வதைக் கண்டார்கள். பின்னர் இயற்பியலாளர் மதன் ராவுடன் சேர்ந்து நடந்த ஆய்வுகள், சவ்வுக்கு அடியிலுள்ள ஆக்டின் என்ற புரத இழைகளே, செல்லின் ஆற்றலைச் செலவிட்டு, அந்தப் புரதங்களைக் கூட்டுகின்றன என்று காட்டின. அந்த இழைகளைக் குலைத்தால் கொத்துகளும் கலைந்துபோகின்றன.