தொட்டில் பக்கத் திண்டு

தொட்டில் பக்கத் திண்டு என்பது குழந்தைத் தொட்டிலின் உட்புறத்தைச் சுற்றிக் கட்டப்படும், பஞ்சு அடைத்த துணிப் பட்டை ஆகும். கடைகளில் இது பம்பர் என்ற பெயரில், பெரும்பாலும் மெத்தை விரிப்பு, போர்வை ஆகியவற்றுடன் ஒரே தொகுப்பாக விற்கப்பட்டு வந்தது. இக்கட்டுரையில் தொட்டில் என்பது சேலையில் கட்டும் தூளியைக் குறிக்காது. நான்கு பக்கமும் செங்குத்துக் கம்பிகளால் அடைக்கப்பட்ட, தட்டையான மெத்தை கொண்ட குழந்தைக் கட்டிலையே குறிக்கும்.

குழந்தையின் தலை கம்பியில் இடிபடாமலும், கை கால்கள் கம்பிகளுக்கு இடையே சிக்காமலும் காப்பது இத்திண்டின் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால் இதனால் குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தது தெரியவந்தபின், ஐக்கிய அமெரிக்காவில் இதன் உற்பத்தியும் விற்பனையும் 2022-ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டன.

தோன்றிய காரணம்

பழைய தொட்டில்களில் பக்கக் கம்பிகளுக்கு இடையே அதிக இடைவெளி இருந்தது. உறக்கத்தில் புரளும் குழந்தையின் கால்களும் உடலும் அந்த இடைவெளி வழியே வெளியே நழுவிவிடும். உடலைவிடப் பெரிதான தலை மட்டும் கம்பிகளுக்கு இடையே மாட்டிக்கொள்ளும். அந்நிலையில் கழுத்து நெரிந்து குழந்தை இறக்க நேரிடும். இந்த இடைவெளியை மறைக்கவே பக்கத் திண்டு பயன்பட்டது.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1973-இல் தொட்டில்களுக்கான விதிகளை வெளியிட்டது. 1974 முதல் நடைமுறைக்கு வந்த இவ்விதிகளின்படி, இரு கம்பிகளுக்கு இடையேயான தூரம் 2 3/8 அங்குலத்தை, அதாவது சுமார் 6 சென்டிமீட்டரை மிஞ்சக்கூடாது. இந்த அளவில் குழந்தையின் உடல் வெளியே நழுவ முடியாது. ஆகவே திண்டு எந்த ஆபத்தைத் தடுக்க வந்ததோ, அந்த ஆபத்து தொட்டிலின் அமைப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் திண்டு மறையவில்லை. தொட்டிலை அழகுபடுத்தும் பொருளாகவும், குழந்தைக்கு மென்மையான பாதுகாப்பு என்ற எண்ணத்திலும் அது பல பத்தாண்டுகள் தொடர்ந்து விற்கப்பட்டது.

ஆபத்து ஏற்படும் விதம்

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்குக் கழுத்துத் தசைகள் வலுப்பெற்றிருப்பதில்லை. முகம் ஏதாவதொரு மென்மையான பொருளில் புதைந்தால், தலையைத் தூக்கவோ திருப்பவோ அதனால் இயலாமல் போகலாம். பக்கத் திண்டினால் நான்கு வகையான ஆபத்துகள் நேர்கின்றன.

1. முகம் புதைதல்: திண்டில் மூக்கும் வாயும் அழுந்தும்போது காற்று தடைபடுகிறது. முழுவதும் அடைபடாவிட்டாலும், தான் வெளிவிட்ட காற்றையே குழந்தை மீண்டும் மீண்டும் சுவாசிக்க நேர்கிறது. அக்காற்றில் ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு பெருகுகிறது.

2. இடுக்கில் சிக்குதல்: திண்டிற்கும் மெத்தைக்கும் இடையே, அல்லது திண்டிற்கும் தொட்டிலில் உள்ள தலையணை போன்ற வேறொரு பொருளுக்கும் இடையே குழந்தையின் முகமோ உடலோ மாட்டிக்கொள்கிறது.

3. நாடா சுற்றுதல்: திண்டைக் கம்பியோடு கட்டும் நாடா அவிழ்ந்தோ நீண்டோ இருந்தால், அது குழந்தையின் கழுத்தில் சுற்றி நெரிக்கிறது.

4. ஏறி விழுதல்: எழுந்து நிற்கப் பழகிய குழந்தை திண்டின் மீது கால்வைத்து ஏறித் தொட்டிலுக்கு வெளியே விழுகிறது.

ஆய்வுகள்

செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாசிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள், நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1985 முதல் 2005 வரை பக்கத் திண்டோடு தொடர்புடைய 27 குழந்தை இறப்புகளை அவர்கள் கண்டறிந்தனர். அவற்றில் 11 குழந்தைகள் முகம் திண்டில் அழுந்தியதாலும், 13 குழந்தைகள் திண்டிற்கும் வேறொரு பொருளுக்கும் இடையே சிக்கியதாலும், 3 குழந்தைகள் நாடா கழுத்தில் சுற்றியதாலும் இறந்தனர். பின்னர் 2012 வரையிலான பதிவுகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது இந்த எண்ணிக்கை 48 ஆனது.

திண்டு தடுப்பதாகக் கூறப்படும் காயங்களையும் ஆய்வாளர்கள் கருத்தில் கொண்டனர். கம்பியில் இடிப்பதால் ஏற்படுபவை பெரும்பாலும் சிறு வீக்கம், கன்றிப்போதல் போன்றவையே. தானாக அசையும் கைக்குழந்தையின் வேகம் தலையில் பெரிய காயம் ஏற்படுத்தும் அளவிற்கு இருப்பதில்லை. சிறு காயத்தைத் தடுக்கும் பொருள் உயிரிழப்பிற்கு வழிவகுக்கக் கூடாது என்பதே அவர்கள் முடிவின் சாரம்.

இறுக்கிக் கட்டினால் போதுமா?

திண்டை எல்லா மூலைகளிலும் நடுப்பகுதிகளிலும் கட்டவேண்டும், நாடாவின் மிகுதியை வெட்டிவிடவேண்டும், முடிச்சைத் தொட்டிலின் வெளிப்புறத்தில் போடவேண்டும் என்று முற்காலத்தில் அறிவுரைகள் வழங்கப்பட்டன. இவை நாடாவால் வரும் ஆபத்தையும், திண்டு சரிவதையும் ஓரளவு குறைக்கக்கூடியவை. ஆனால் முகம் புதைவதை எந்தக் கட்டும் தடுக்காது. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் திண்டு மென்மையான பொருளாகவே இருக்கும். எனவே பாதுகாப்பாகக் கட்டும் முறை என்று ஒன்று இல்லை. திண்டைக் கழற்றிவிடுவதே பாதுகாப்பானது.

பரிந்துரைகளும் சட்டங்களும்

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-இல் வெளியிட்ட உறக்கப் பாதுகாப்பு வழிகாட்டியில், தொட்டிலில் பக்கத் திண்டு பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அதே ஆண்டு சிகாகோ நகரம் இதன் விற்பனையைத் தடை செய்தது. 2013-இல் மேரிலாந்து மாநிலம் தடை விதித்தது. வேறு சில மாநிலங்களும் பின்னர் இவ்வழியைப் பின்பற்றின.

நாடு முழுவதற்குமான குழந்தைகள் பாதுகாப்பு உறக்கச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஜோ பைடன் 2022 மே 16 அன்று கையெழுத்திட்டார். அது அவ்வாண்டு நவம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. பஞ்சுத் திண்டுகளுடன், ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே போடப்படும் மெத்தை உறைகளும் இத்தடையில் அடங்கும். பஞ்சு இல்லாத வலைத்துணி மறைப்புகளுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. எனினும் தொட்டிலின் பக்கங்களில் பொருத்தும் எந்தப் பொருளையும் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைப்பதில்லை.

திண்டு இல்லாத தொட்டில்

தொட்டிலைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை:

• கம்பிகளுக்கு இடையேயான தூரம் 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், திண்டு கட்டிச் சமாளிக்காமல் அத்தொட்டிலைத் தவிர்க்கவேண்டும். உடைந்த, ஆடும் கம்பி உள்ள தொட்டிலுக்கும் இது பொருந்தும்.

• பக்கத்தை மேலும் கீழும் இறக்கும் வகைத் தொட்டில்கள் ஐக்கிய அமெரிக்காவில் 2011 சூன் முதல் விற்கத் தடை செய்யப்பட்டவை. பழைய தொட்டிலை வாங்கும்போது இதைக் கவனிக்கவேண்டும்.

• மெத்தை கெட்டியாகவும் தட்டையாகவும் இருக்கவேண்டும். மெத்தைக்கும் தொட்டிலின் பக்கத்திற்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறிது என்று பொருள்.

• மெத்தையின் மேல் இறுக்கமான விரிப்பு ஒன்றே போதும். முதல் ஆண்டில் தலையணை, கனத்த போர்வை, பொம்மை ஆகியவை தொட்டிலில் வேண்டாம்.

• குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வைக்கவேண்டும். அமெரிக்காவில் 1990-களில் இவ்வழக்கம் பரப்பப்பட்ட பின், திடீர்க் குழந்தை இறப்பு வீதம் 2001-க்குள் பாதிக்கும் கீழாகக் குறைந்தது.

கை அல்லது கால் கம்பிகளுக்கு இடையே சிக்கினால் குழந்தை அழும். அருகில் இருப்பவர் மெல்ல மடக்கி வெளியே எடுத்துவிடலாம். மாறாக, முகம் திண்டில் புதைந்த குழந்தையால் அழ முடியாமல் போகலாம். அருகில் உறங்குபவருக்குக்கூட அது தெரியாது. வெறுமையாகத் தோன்றும் தொட்டிலை மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.