ஒரம்பரை வந்தால் கடல்பாசி

எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் காதுகுத்து, வளைகாப்பு என்றாலும் இனிப்பு விஷயத்துக்கு எனக்கு ஒரு ஃபோன் வந்துவிடும். போன மாசம் நாத்தனார் மருமகள் கூப்பிட்டாள். "சித்தி, ஜெலட்டின் பொடி வாங்கி வெச்சிருக்கேனுங்க. உள்ளே பழமெல்லாம் தெரியற மாதிரி அச்சுல ஊத்திக் கவுக்கணும். எப்படீங்க?" நான் சொன்னேன்: "அந்தப் பொட்டலத்தைக் கடையிலயே திருப்பிக் குடுத்துடு கண்ணு. சைனா கிராஸ், அதான் கடல்பாசி, வாங்கிக்கோ."

முதல் காரணம் வெயில். ஜெலட்டின் குளிரில் இறுகுகிற பொருள். 30 டிகிரியைத் தாண்டியதும் நெகிழ ஆரம்பித்து, 35-க்குள் தண்ணீராகிவிடும். வாயில் வைத்த மாத்திரத்தில் கரைகிறதே, அது அதனால்தான். வெளிநாட்டுக் குளிரில் மேசை நடுவே கோபுரம் மாதிரி நிற்கும். சேலம், நாமக்கல் பக்கம் விசேஷம் நடப்பது எங்கே? வீட்டு வாசல் பந்தலிலோ, கோயில் மண்டபத்துத் தகரக் கூரைக்கு அடியிலோ. பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜெல்லி பந்தியின் முதல் வரிசை முடியும் முன்பே இலையில் ஓடும்.

இரண்டாவது காரணம் கவிச்சி. ஜெலட்டின் மாடு, பன்றி ஆகியவற்றின் தோல், எலும்புகளிலிருந்து எடுக்கும் புரதம். கறி தின்கிற குடும்பம்தான் நாங்கள், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால், நோம்பி முடிகிற வரை முட்டைகூட வீட்டுக்குள் வராது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு முட்டையைத் தள்ளி வைப்பது எவ்வளவு பெரிய விரதம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஒரம்பரை, அதாவது விருந்தாக வருகிற சொந்தபந்தம், கூடுவதே அந்த நோம்பிக்குத்தான். அன்றைக்கு எலும்பில் செய்த இனிப்பை வைத்தால் நன்றாகவா இருக்கும்? கடையில் ஜெல்லிப் பொட்டலம் வாங்கினால் பச்சைக் குறி இருக்கிறதா, பழுப்புக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பச்சை இருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கடல்பாசிச் சரக்கு.

கடல்பாசியை எனக்குக் கற்றுக் கொடுத்தது ராசிபுரத்தில் பக்கத்து வீட்டில் இருந்த பாயம்மா. ரமலான் மாதம் பூராவும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவர் வீட்டில் கஞ்சியோடு கடல்பாசியும் இருக்கும். பாலில் காய்ச்சி, ரோஸ் எசென்ஸ் இரண்டு சொட்டு விட்டு, அகலத் தட்டில் ஊற்றி, மேலே முந்திரி தூவி, டைமண்ட் டைமண்டாக வெட்டி ஒரு கிண்ணம் எங்களுக்கும் வரும். பகலெல்லாம் தண்ணீர் குடிக்காத வயிற்றுக்குக் குளிர்ச்சி என்பார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இப்போது இளநீர் புட்டிங் என்று சின்னக் கோப்பையில் வைக்கிறார்களே, அதுவும் இந்தக் கடல்பாசிதான். பெயரும் விலையும்தான் வேறு.

பொட்டலத்துக்குள் வெள்ளையாக, வைக்கோல் மாதிரி இழை இழையாக இருப்பதைப் பார்த்து ஏதோ புல் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அகர். சிவப்பு வகைக் கடல்பாசிகளைக் கொதிக்க வைத்து எடுத்த சாற்றை உறைய வைத்து உலர்த்தியது. தமிழ்நாட்டில் இந்தப் பாசி விளைவது மன்னார் வளைகுடாவில். ராமநாதபுரம் கரையில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று இதில் இரண்டு வகை எடுப்பார்கள். எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாறையில் ஒட்டியதைப் பிய்த்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். அந்தத் தீவுப் பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது என்கிற இழுபறியும் அவர்களுக்கு உண்டு. 10 கிராம் பொட்டலத்தை அலட்சியமாக உதறிப் பிரிக்கும்போது எனக்கு அவர்கள் நினைப்பு வரும்.

வெயிலுக்கு இது எப்படித் தாங்குகிறது? கொதிக்க வைத்துக் கரைத்த கடல்பாசி ஆறி வரும்போது 35 - 40 டிகிரியிலேயே இறுகிவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்தாலே போதும். ஒருமுறை இறுகியதை மறுபடி உருக்க வேண்டும் என்றால் 85 டிகிரி வரை சூடு ஏற்ற வேண்டும். சேலத்து வெயில் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அதை எட்டாது.

இந்தக் குணத்தை உலகத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் எடுத்துச் சொன்னவரும் சமையலறையிலிருந்து வந்தவர்தான். ஃபானி ஹெஸ்ஸே என்று ஒரு அம்மாள், நியூயார்க்கில் பிறந்தவர். கணவர் வால்தர் ஹெஸ்ஸே ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கிருமிகளை ஜெலட்டினில் வளர்ப்பார்கள். உடம்புச் சூடான 37 டிகிரியில் வைத்தால் ஜெலட்டின் உருகிப்போகும். போதாததற்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்றுவிடும். 1881-இல் கணவர், உன் பழ ஜெல்லி மட்டும் கோடையிலும் எப்படி உருகாமல் நிற்கிறது என்று கேட்க, அகர் போடுகிறேன் என்றாராம் ஃபானி. ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒரு டச்சுக் குடும்பத்திடம் சின்ன வயதில் கற்றுக்கொண்டது அது. இன்றைக்கும் ரத்தம், சளி, சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுத்தால் கிருமி வளர்ப்பது அகர் தட்டில்தான். 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் கோக் அகரைச் சொன்னார், ஃபானி பெயரைச் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து வரும் யோசனைக்கு எந்த ஊரிலும் அவ்வளவுதான் மரியாதை.

சரி, கைப்பக்குவத்துக்கு வருவோம்.

10 கிராம் இழைக் கடல்பாசிக்கு எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர் திரவம். தட்டில் வெட்டுவதற்கென்றால் இன்னும் ஒரு டம்ளர் கூட்டலாம். கவிழ்த்து நிறுத்த வேண்டுமென்றால் முக்கால் லிட்டரைத் தாண்டாதீர்கள். கத்திரியால் துண்டு துண்டாக நறுக்கி, கால் லிட்டர் தண்ணீரில் அரை மணி ஊற வையுங்கள். அதே தண்ணீரோடு அடி கனமான போசியில் வைத்து, மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஒரு இழைகூடக் கண்ணுக்குத் தெரியக் கூடாது. பாதி கரைந்ததை இறக்குவதால்தான் முக்கால்வாசிப் பேருக்குத் தொளதொளவென்று வருகிறது. சர்க்கரையைக் கரைந்த பிறகு போடுங்கள். முன்னாடியே போட்டால் கரைய நேரம் பிடிக்கும். கடைசியில் வடிகட்டுங்கள்.

சேர்க்கப் போகிற பாலோ, பழச்சாறோ, இளநீரோ ஜில்லென்று இருக்கக் கூடாது. கடல்பாசி 40 டிகிரியிலேயே இறுகுகிற சரக்கு அல்லவா, குளிர்ந்த பாலை ஊற்றினால் பட்ட இடத்திலேயே நூல் நூலாகத் திரண்டுவிடும். பாலை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். இளநீரைக் கொதிக்க வைத்தால் ருசி கெடும். ஃப்ரிட்ஜில் இருந்தால் முன்னாடியே வெளியே எடுத்து வைத்து, லேசாகக் கைச்சூடு காட்டினால் போதும். எலுமிச்சை, மாங்காய் மாதிரிப் புளிப்பைச் சேர்த்துக் கொதிக்க விட்டால் கடல்பாசியின் பிடிப்பு போய்விடும். புளிப்பு எதுவானாலும் அடுப்பை அணைத்த பிறகுதான்.

பழம் எது என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குக் காலண்டரைப் பார்த்துத்தான் பதில். சித்திரை, வைகாசி, ஆனி என்றால் மாம்பழம். வரகம்பாடிப் பக்கத்து மல்கோவாவையும் இமாம் பசந்தையும் இதில் வெட்டிப் போடுவது பாவம், அவை கத்தி வைத்துச் சும்மா தின்னப் பிறந்தவை. துண்டு போட பெங்களூராதான் சரி, சதை கெட்டி, ஓரம் நொறுங்காது. கூழாக அரைத்து ஒரு அடுக்கு ஊற்றுவதற்கு செந்தூரா. அன்னாசி கொல்லிமலையிலிருந்து. 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, சோளக்காடு சந்தையில் வாங்குகிற பழத்துக்கு வாசமே தனி. ஜெலட்டினில் பச்சை அன்னாசியைப் போட்டால் விடியும் வரை காத்திருந்தாலும் இறுகாது. அதிலிருக்கும் நொதி புரதத்தை அறுத்துவிடும், பப்பாளியும் அப்படித்தான். கடல்பாசி புரதமே இல்லை, மாவுச்சத்து இனம். அன்னாசி அதை ஒன்றும் செய்ய முடியாது. வாழைப்பழம் நறுக்கியதும் கறுக்கும், அதனால் பூவனையோ கற்பூரவள்ளியையோ வெல்ல அடுக்கில் ஒளித்துவிடுவேன். எந்தப் பழமானாலும் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டுப் போடுங்கள்.

வெல்ல அடுக்கு என் சொந்தச் சேர்க்கை. பிறந்த வீடு பரமத்திவேலூர். சுற்றிலும் கரும்பும் வாழையும் வெற்றிலையும். பிலிக்கல்பாளையத்து வெல்ல ஏலத்துக்கு அப்பாவோடு போன நாக்கு வெறும் சர்க்கரைக்கு அடங்காது. வெல்லத்தைக் காய்ச்சி வடிகட்டி, தேங்காய்ப்பால் சேர்க்கிறேன். பசும்பாலில் சூடான வெல்லப்பாகு விழுந்தால் திரிந்துவிடும், தேங்காய்ப்பாலுக்கு அந்தப் பயம் கிடையாது.

அதில் கொஞ்சம் ஜவ்வரிசியும் போடுவேன். நைலான் ஜவ்வரிசியைக் கண்ணாடி மாதிரி வேக வைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, வடித்துக் கலப்பது. சேலம் பக்கத்துக்காரி ஜவ்வரிசி போடாமல் இனிப்பு செய்தால் ஊர் சும்மா விடுமா? மரவள்ளிக் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் இங்கே 1943 வாக்கில் தொடங்கியது. யுத்தத்தில் மலேயாப் பக்கத்துச் சரக்கு வராமல் நின்றபோது, சேலத்து மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அதே யுத்தம்தான் ஜப்பான் அகரையும் நிறுத்தி, பல நாடுகளைத் தங்கள் கரைப் பாசியைத் தேட வைத்தது. இந்தியாவிலும் அப்போதுதான் நம் கரைப் பாசியில் அகர் எடுக்கும் ஆராய்ச்சி சூடு பிடித்தது. ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கு 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரே தட்டில் மேலடுக்கு ராமநாதபுரத்துக் கடல், கீழடுக்கு ஆத்தூர்க் குச்சிக்கிழங்குக் காடு.

அடுக்கு போடுவதில்தான் பொறுமை வேண்டும். முதல் அடுக்கு விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் உடையக் கூடாது. அந்த நேரத்தில் இரண்டாவதைக் கரண்டி முதுகில் வழியவிட்டு ஊற்றுங்கள். இரண்டாவது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நேரம் தவறி முதல் அடுக்கு நன்றாக இறுகிவிட்டால் இரண்டும் ஒட்டாது, கவிழ்க்கும்போது மேல்மாடி தனியாக வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு மேல்பரப்பை முள்கரண்டியால் லேசாகக் கீறிவிட்டு ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். பழத்துண்டு எல்லாம் அடியில் தங்காமல் நடுவில் மிதக்க வேண்டுமா? கலவை பாயசப் பதத்துக்குக் கெட்டியாகும் வரை காத்திருந்து போடுங்கள். ரொம்பக் காத்திருந்தால் போசியிலேயே நின்றுவிடும். அப்படி நின்றுவிட்டாலும் மறுபடி அடுப்பில் வைத்துக் கரைத்துக்கொள்ளலாம்.

அச்சுக்குக் கடையில் பூ டிசைனில் சிலிகான் விற்கிறார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. நான் எவர்சில்வர் கிண்ணத்தை ஈரமாக்கி ஊற்றுகிறேன். ஆடி 1-இல் தேங்காய் சுடுகிற நோம்பி முடிந்ததும் மிஞ்சுகிற தேங்காய்களை உடைத்து, பருப்பை நோண்டிவிட்டுத் தொட்டியை வழவழப்பாகத் தேய்த்து வைத்துக்கொள்வேன். அதில் இறுகியது கவிழ்த்தால் பாதிப் பந்தாக, குழந்தைகளுக்கு ஆளுக்கொன்றாக வரும். கவிழ்க்க வெந்நீர் வேண்டாம். ஓரத்தை விரலால் சுற்றி ஒரு அழுத்து அழுத்திக் காற்று விட்டு, மேலே தட்டை மூடி, ஒரே வீச்சில் திருப்பவேண்டியதுதான். தயங்கித் தயங்கித் திருப்பினால் உடையும்.

ஜெலட்டின் அளவுக்கு இது தளதளவென்று ஆடாது, கடித்தால் நறுக்கென்று விடும். சிலருக்கு அது குறை. எனக்கு அதுவே பிடிக்கிறது. நிஜமான குறை ஒன்று உண்டு: நேரம் ஆக ஆகத் தண்ணீர் விடும். முந்தின நாள் ராத்திரி செய்து காலையில் தட்டைச் சாய்த்து நீரை வடித்துவிட்டுக் கவிழ்ப்பது நல்லது. அதற்கும் முன்னாடி செய்து வைக்காதீர்கள். வெயிலில் உருகாது என்பதால் கெடாது என்று அர்த்தமில்லை. பாலும் தேங்காய்ப்பாலும் சேர்த்ததை வெளியே வைத்தால் பந்தி முடிவதற்குள் காலி செய்துவிட வேண்டும். வெறும் பழச்சாற்றில் செய்தது கொஞ்சம் தாங்கும்.

50 பேர் வரும் வீட்டுக்கு மற்ற இனிப்போடு வைப்பதென்றால் 10 கிராம் பொட்டலம் ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள், தலைக்கு ஒரு துண்டு வரும். காரில் எடுத்துப் போவதானால் கவிழ்க்காமல் கிண்ணத்தோடு கொண்டுபோய் அங்கே கவிழுங்கள். மிஞ்சியது, உடைந்தது எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தால், மறுநாள் சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிற ஒரம்பரைக்கு நன்னாரி சர்பத்தில் இரண்டு கரண்டி போட்டு, எலுமிச்சை பிழிந்து கொடுக்கலாம்.