நான்கு கோல், ஒரு வகுப்பறை

கேரி பர்ட்டனை ஜாஸ் கலைஞர், ஆசிரியர் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டும் வைப்ரஃபோனை வாசிக்கும் அவர் கையைக் கவனித்தால் அந்தப் பிரிவு நிற்காது. 1943இல் அமெரிக்காவின் இந்தியானாவில் பிறந்தவர் வைப்ரஃபோனைப் பெரும்பாலும் தானாகவே கற்றார். கைக்கு இரண்டு கோல். உள்ளங்கையில் அவை குறுக்காகக் கிடக்க, விரல்கள் இடைவெளியைக் கூட்டும், குறைக்கும். ஒலிக்கும் உலோகப் பட்டையை நூல் சுற்றிய கோல்தலையாலேயே தொட்டு அடக்குவார். பட்டைகளுக்குக் கீழுள்ள குழாய்களில் சுழன்று ஒலியை நடுங்கவைக்கும் விசிறிகளைப் பெரும்பாலும் நிறுத்தியே வைத்தார். சுரம் தெளிவாக நின்றது.

நான்கு கோலை முன்பே ஜாஸ் கலைஞர் ரெட் நார்வோ கையாண்டாரே என்றால், உண்மைதான். ஆனால் பர்ட்டனிடம் அது பிறருக்குக் கற்றுத்தரக்கூடிய முறையாயிற்று. ‘பர்ட்டன் பிடி’ என்றே இன்று மாணவர்கள் பழகுகிறார்கள். 1971இல் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, முப்பதாண்டுக்கு மேல் பணியாற்றித் துணைத்தலைவர் பொறுப்புவரை உயர்ந்தார். கல்லூரி உத்தியோகம் கலையை மழுக்கிவிடும் என்பார்கள். ஆனால் அவர் வகுப்பெடுக்கத் தொடங்கிய மறு ஆண்டில்தான் பியானோ கலைஞர் சிக் கொரியாவுடன் ‘கிரிஸ்டல் சைலன்ஸ்’ இசைத்தொகுப்பு பதிவானது: டிரம்ஸ் இல்லை, பாஸ் இல்லை, பியானோவும் வைப்ரஃபோனும் மட்டும்.