ஆங்கிலத்தில் குடியேறிய சொற்கள்

தரம் ஒன்பதில் படிக்கும்போது ஆங்கிலப் பேச்சுப் போட்டி ஒன்றில் ஒரு சொல்லைப் பிழையாக உச்சரித்துவிட்டேன். சபையில் எழுந்த சிரிப்பு நெடுநாள் என் காதில் நின்றது. அதன்பின் ஆங்கிலப் பாடவேளையில் விடை தெரிந்தாலும் வாய் திறக்கமாட்டேன். ஆங்கிலம் வேறு யாருடைய வீடோ, நாம் வாசலில் நிற்பவர்கள் என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவை சில சொற்களின் வரலாறுகள்.

உங்கள் கையிலுள்ள இச்சஞ்சிகையிலிருந்தே தொடங்குகிறேன். சஞ்சிகையை ஆங்கிலத்தில் 'மெகசின்' என்கிறோம். அதன் வேர் 'மக்ஸன்' என்னும் அறபுச் சொல். களஞ்சியம் என்பது பொருள். இத்தாலிய, பிரெஞ்சு மொழிகள் வழியாக ஆங்கிலத்தை அடைந்தபோது அது பண்டகசாலையையும் வெடிமருந்துக் கிடங்கையுமே குறித்தது. 1731இல் எட்வர்ட் கேவ் என்பவர் லண்டனில் 'ஜென்டில்மன்ஸ் மெகசின்' என்ற இதழைத் தொடங்கினார். பலவகை எழுத்துகளின் களஞ்சியம் என்ற கருத்தில் வைத்த பெயர் அது. பின்னர் எல்லாச் சஞ்சிகைகளுக்கும் அதுவே பொதுப்பெயராயிற்று.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்குவாரிஸ்மியின் கணித நூற்பெயரில் வரும் 'அல்ஜப்ர்' என்ற சொல்லே 'அல்ஜீப்ரா' ஆனது. உடைந்ததை மீண்டும் பொருத்துதல் என்பது அதன் பொருள். கணினி படிக்கும் மாணவிகள் சொல்லும் 'அல்கோரிதம்' அவருடைய பெயரின் திரிபுதான். வெறுமையைக் குறித்த 'ஸிஃப்ர்' ஸீரோவாயிற்று. என்னை மிகவும் வியக்கவைத்தது 'அல்குஹ்ல்'. கண்ணுக்கு இடும் சுருமாவின் பெயர் அது. ஐரோப்பிய இரசவாதிகள் மிக நுண்ணிய தூளை அப்பெயரால் அழைத்தார்கள். பின்பு வடித்தெடுத்த சாரத்துக்கும் அதையே வைத்தார்கள். இப்படித்தான் சுருமாவின் பெயர் நமக்கு ஹராமான மதுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

கடல் வழியாகப் போன சொற்களும் பல. 'மவ்ஸிம்' என்றால் அறபில் பருவம். காற்றின் பருவம் பார்த்தே அறபு மாலுமிகள் இந்து சமுத்திரத்தில் பாய்விரித்தார்கள். போர்த்துக்கேயர் வாயில் திரிந்து, ஆங்கிலத்தில் அது 'மொன்சூன்' ஆனது. தமிழின் கட்டுமரம் 'கெட்டமரான்' ஆனது. சுருட்டு 'ஷெரூட்' ஆனது. மிளகுத்தண்ணியோ 'மலிகட்டோனி' என்ற பெயரில் இறைச்சி சூப்பாகவே மாறிவிட்டது. சிங்களத்தின் 'தோரமல்லி' என்ற இரத்தினக்கல்லின் பெயர் 'டூர்மலின்' ஆயிற்று. நம் நாட்டை அறபிகள் 'ஸரந்தீப்' என்றார்கள். அந்நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய கதையை நினைவில் வைத்து, 1754இல் ஹொரஸ் வோல்போல் ஒரு கடிதத்தில் 'ஸெரென்டிபிட்டி' என்ற புதுச்சொல்லை உருவாக்கினார். தேடாமலே நல்லதொன்றைக் கண்டடைவது அதன் பொருள்.

எல்லாச் சொற்களும் நட்பாகப் போய்ச் சேரவில்லை. கொள்ளையைக் குறிக்கும் 'லூட்' கிழக்கிந்தியக் கம்பனிக் காலத்தில் ஹிந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. பொருளோடு பெயரும் கப்பலேறிவிட்டது. பறை முழக்கிய மக்களின் பெயர் 'பரையா' என்றாகி, ஒதுக்கப்பட்டவர் எவரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அதில் ஆங்கிலேயரின் பங்கு மட்டுமல்ல, நம் சமூகம் அம்மக்களை நடத்திய முறையும் பதிந்திருக்கிறது. அகராதி இதனையும் மறக்கவிடாது.

நாமும் கடன் வாங்கியவர்களே. கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயம். கந்தோர் ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. இவற்றைச் சொல்லும்போது எவரும் வெட்கப்படுவதில்லை.

ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களைத் திரட்டி யூல், பேர்னல் ஆகிய இருவர் தொகுத்த அகராதி 1886இல் வெளிவந்தது. அதன் பெயர் 'ஹொப்சன் ஜொப்சன்'. முஹர்ரம் ஊர்வலங்களில் எழுந்த "யா ஹஸன், யா ஹுஸைன்" என்ற ஓலத்தை ஆங்கிலச் சிப்பாய்கள் கேட்டு உச்சரித்த விதம் அது. பிழையான உச்சரிப்பு ஒன்று ஓர் அகராதிக்கே பெயராகியிருக்கிறது! அதை வாசித்த அன்று என் ஒன்பதாம் தரத்துப் பிழை மிகச் சிறியதாகத் தோன்றியது.

பெற்றோர்களே, ஆங்கிலம் வரவேண்டும் என்பதற்காக வீட்டுத் தமிழையும் மத்ரஸாவில் ஓதிய அறபையும் பிள்ளைகள் மறக்கவேண்டியதில்லை. அவை ஆங்கிலத்துக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. சகோதரிகளே, அடுத்த முறை ஒருத்தி மேடையில் தடுமாறினால் சிரிக்காதீர்கள். நானும் இப்போது பாடவேளையில் கையுயர்த்துகிறேன். சில சொற்கள் இன்னும் பிழைக்கத்தான் செய்கின்றன, ஆனாலும் பேசுகிறேன்.