நடிப்புப் பயிற்சி: எந்த வகுப்பில் சேர்வது?

நடிப்பு வகுப்பில் சேர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "அங்கே படித்து யார் யார் நடிகரானார்கள்?" என்பதைத்தான். சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்துப் பணம் கட்டுபவர்களும் உண்டு. படத்தில் இருப்பவர் அங்கே மூன்று வருடம் உழைத்தவராக இருக்கலாம். ஒரு வாரப் பட்டறைக்கு வந்து போனவராகவும் இருக்கலாம். முதலில் விசாரிக்க வேண்டியது வேறொன்று. ஒரு வகுப்பில் ஒரு மாணவர் எத்தனை நிமிடம் எழுந்து நடிக்கிறார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேர வகுப்பு, 30 மாணவர்கள். ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசுகிறார். மீதி நேரத்தைப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு நிமிடம். கூச்சம் விலகவே அது போதாது. அதே இரண்டு மணி நேரத்தில் 12 பேர் இருந்து, இரண்டிரண்டு பேராக ஒரு சீனை எடுத்துக்கொண்டால் ஒரு ஜோடிக்கு 20 நிமிடம் கிடைக்கும். செய்து காட்டலாம், திருத்தம் கேட்கலாம், உடனே மறுபடியும் செய்யலாம். அந்த 'மறுபடியும்' இருக்கும் இடத்தில்தான் பயிற்சி நடக்கிறது.

தமிழ் நாடகத்தின் பழைய கம்பெனிகள் இதை அறிந்திருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் அங்கேயே தங்கி, பாட்டும் வசனமும் பாடம் செய்து, மேடையேறினார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் அப்படிப்பட்ட கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். அந்த வாழ்க்கையின் கஷ்டங்களை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். ஆனால் அவர்களுக்கு வாய்த்த மேடை நேரம் இன்றைய வாராந்திர வகுப்பு எதிலும் கிடைக்காது.

அடுத்தது, எந்தப் பயிற்சி முறை என்ற கேள்வி. 'மெத்தட் ஆக்டிங்' என்ற பெயர் எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் தேர்வு சுலபமாகும். ரஷ்யாவின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி 1898இல் நெமிரோவிச் தான்சென்கோவுடன் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கினார். நடிகர் ஒவ்வொரு நாளும் உண்மையாக நடிப்பது எப்படி என்று வாழ்நாள் முழுவதும் தேடியவர் அவர். 1931இல் நியூயார்க்கில் உருவான குரூப் தியேட்டர் அவருடைய முறையைக் கையில் எடுத்தது. அங்கே பயிற்சி தந்த லீ ஸ்ட்ராஸ்பெர்க், நடிகர் தன் வாழ்வில் பட்ட அனுபவத்தை நினைவில் மீட்டு, அந்த உணர்ச்சியைக் காட்சிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை முதன்மையாக வைத்தார். மெத்தட் என்று பரவியது பெரும்பாலும் இதுதான்.

அதே குழுவில் இருந்த ஸ்டெல்லா ஆட்லருக்கு இது ஒத்துவரவில்லை. அவர் 1934இல் பாரிஸில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையே சந்தித்துச் சில வாரங்கள் அவரிடம் வேலை செய்தார். அந்தக் கட்டத்தில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி சொந்த நினைவுகளைத் தோண்டுவதைவிட, பாத்திரம் இருக்கும் சூழ்நிலைக்கும் அது செய்யும் செயலுக்கும் அழுத்தம் கொடுத்திருந்தார். ஆட்லர் திரும்பி வந்து அதைச் சொன்னதில் குழுவுக்குள் பெரிய பிளவு வந்தது. தகப்பன் சாவுக்கு அழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராஸ்பெர்க் வழி நடிகர் தன் வீட்டுத் துக்கத்தை மீட்டெடுப்பார். ஆட்லர் வழி நடிகரின் யோசனை வேறு மாதிரி ஓடும். இந்த மகன் எத்தனை நாள் அப்பாவிடம் பேசாமல் இருந்தான், வீட்டில் இப்போது யார் யார் நிற்கிறார்கள், அவன் கை எதைத் தேடுகிறது என்று அந்தச் சூழலைக் கற்பனையில் கட்டுவார்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டாவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஆறாத துக்கத்தை இருபது பேர் முன்னால் கிளறுவது சிலரை நோகடித்து அனுப்பிவிடும். ஆசிரியர் மனநல மருத்துவர் அல்லர். அழுதுவிட்டால் நடித்துவிட்டோம் என்ற தப்பான நினைப்பும் அங்கேதான் தொற்றிக்கொள்கிறது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. குரூப் தியேட்டரில் இருந்த சான்ஃபோர்ட் மைஸ்னர், எதிரே நிற்பவரிடமிருந்து தொடங்கச் சொன்னார். "நீ நீலச் சட்டை போட்டிருக்கே." "நான் நீலச் சட்டை போட்டிருக்கேன்." இதையே இருவரும் மாறி மாறிச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் எரிச்சலடைவார், இன்னொருவர் சிரிப்பார். சொல் அப்படியே இருக்க, தொனி தானாக மாறும். அடுத்த வசனத்தை நினைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு இது அருமருந்து. மைஸ்னரிடம் படித்த ரோஷன் தனேஜா புனே திரைப்படக் கல்லூரியில் நடிப்புத் துறையை நடத்தினார். ஜெயா பாதுரி, ஷபானா ஆஸ்மி, நசீருத்தீன் ஷா என்று அங்கே அவரிடம் பயின்றவர்கள் பலர்.

உடலிலிருந்து தொடங்கும் வழி நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கிறது என்று வகுத்துவைத்திருக்கிறது. ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் உடல்வலுவையும் குரலையும் நவீன நடிகனின் பயிற்சிக்குள் கொண்டுவந்தது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல் ஆகியோர் அங்கிருந்து வந்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக இருந்தபடியே நடிப்பைக் கவனித்துக் கற்றவர். பசுபதி திரையில் வெறுமனே நின்றாலும் கண் அவரை விட்டு நகராது. அந்த நிற்பு வருடக்கணக்கான உடற்பயிற்சியின் பலன் என்றே நான் நம்புகிறேன்.

இவற்றில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, உங்களிடம் இல்லாதது எது என்று பார்ப்பது பயன் தரும். உள்ளே உணர்ச்சி ததும்பியும் கைகால் விறைத்துப் போகிறவருக்கு உடல் பயிற்சி வேண்டும். நடனம் தெரிந்து, உடல் லாவகமாக இருந்து, முகம் மட்டும் பாவனை காட்டுகிறதென்றால் மைஸ்னர் வகைப் பயிற்சி வேண்டும். வசனத்தை ஒப்பிப்பவர், காட்சியை வாசித்து அலசக் கற்றுத்தரும் ஆசிரியரைத் தேட வேண்டும். எல்லோரும் தங்களுக்கு ஏற்கெனவே சுலபமாக வருவதைச் சொல்லித்தரும் வகுப்புக்கே போகிறார்கள். பாராட்டு கிடைக்கும், வளர்ச்சி கிடைக்காது.

தமிழில் நடிக்க விரும்புகிறவர் பேச்சுப் பயிற்சியையும் தனியாக விசாரிக்க வேண்டும். ழ, ல, ள பிசகாமல் வருகிறதா என்பது தொடக்கம்தான். நெல்லைப் பேச்சு வேறு, கொங்குப் பேச்சு வேறு, சென்னைப் பேச்சு வேறு. 'லே', 'ங்க' என்று ஒட்டுச் சேர்த்தால் வட்டார வழக்கு வந்துவிடாது. மூச்சு எங்கே விழுகிறது, எந்தச் சொல் நீள்கிறது என்று காதால் கற்க வேண்டும்.

மேடையா, கேமராவா என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். மேடையில் கடைசி வரிசைக்குக் குரல் எட்ட வேண்டும். கேமரா முன்னால் வேறு தொல்லைகள். கிளைமாக்ஸை முதல் நாளே எடுக்கலாம். தரையில் குறித்த இடத்தைப் பார்க்காமலே அங்கே போய் நிற்க வேண்டும். எந்தச் சொல்லில் டம்ளரைத் தூக்கினீர்களோ அடுத்த டேக்கிலும் அதே சொல்லில் தூக்க வேண்டும். பிறகு டப்பிங்கில் அழுகையைக் குரலால் மட்டும் திரும்ப நடிக்க வேண்டும். கேமரா வகுப்பு என்று சொல்லும் இடத்தில் இவற்றைச் செய்யவைத்து, பதிவைப் போட்டுக் காட்டுகிறார்களா என்று கேளுங்கள்.

முழுநேரமாகப் படிக்க முடிந்தவர்களுக்கு டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. பட்டமும் மேடை அனுபவமும் கேட்பார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு முதுகலைப் படிப்பு உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு வார இறுதி வகுப்புதான் வழி. அதில் குறை இல்லை, வீட்டில் தினமும் அரை மணி நேரம் குரலுக்கும் உடலுக்கும் ஒதுக்கினால்.

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் திருத்தம் சொல்லும்போது காதைக் கொடுங்கள். "இன்னும் ஃபீல் பண்ணு" என்றால் மாணவர் என்ன செய்வார்? "அவன் கிளம்பிவிடாமல் தடுக்கணும், அதற்காக இந்த வசனத்தைச் சொல்" என்றால் உடனே செய்து பார்க்கலாம். கூச்சப்படும் மாணவரை அவமானப்படுத்தினால், கேட்காமல் தொட்டால், வேண்டாம் என்று சொல்ல இடம் தராவிட்டால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள், பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்று சொல்லும் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் பட வாய்ப்பு உறுதி என்பவரையும், ஆடிஷனுக்குக் கட்டணம் கேட்பவரையும் நம்ப வேண்டாம். வாய்ப்பு தருவது இயக்குநரும் தயாரிப்பாளரும்தான். பயிற்சியாளர் கையில் அது இல்லை.

சேர்ந்த முதல் வாரம் இரண்டு நிமிட வசனம் ஒன்றைப் போனில் பதிவு செய்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வசனத்தை மறுபடி எடுங்கள். இரண்டையும் முதலில் ஒலியை நிறுத்திப் படத்தை மட்டும் பாருங்கள், பிறகு படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். உடல் மாறி, குரல் அப்படியே இருக்கிறதென்றால் அடுத்து குரலுக்கான வகுப்பைத் தேடலாம். இரண்டுமே மாறவில்லை என்றால் பதிவுகளை ஆசிரியரிடம் காட்டி, இனி எதில் வேலை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். அவருடைய பதிலைக் கேட்டுவிட்டு அடுத்த மாதக் கட்டணத்தைப் பற்றி முடிவெடுங்கள்.